சாமி குடித்த பால்

அத்தியாயம் பதினொன்று

மாமியார் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று கல்யாணத்துக்கு முன்னால் வினிதா போட்டு வைத்திருந்த கணக்கு எதுவும் அங்காளம்மாளிடம் செல்லுபடி ஆகவில்லை.

சென்ற வார அத்தியாயத்தில், செங்கல்பட்டிலிருந்து வினிதாவின் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்து, "கால் சரியாகிற வரைக்கும் தங்கச்சி எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று முடிச்சூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தானே, ஞாபகம் இருக்கும். அங்காளம்மாள் அவனுக்குக் காப்பி கொடுத்தாள், கேசரி கொடுத்தாள், தங்கச்சியை மட்டும் கொடுக்கவில்லை.

"காலு ஒடிஞ்சது என் வூட்டு வாசல்ல. எழுந்து நடக்கிறதும் என் வூட்டு வாசல்லதான்" என்றாள்.

அண்ணன் காலிக் காரோடு திரும்பிப் போனான். மிச்சக் கேசரி டப்பாவில் அடைத்துப் பின் சீட்டில் வைக்கப்பட்டது.

ஐப்பசி மழை. விடியற்காலை நடைப் பயிற்சி முடித்து வந்த வினிதா, வாசலில் தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் கால் வைத்தாள். கணுக்கால் இரண்டு இடத்தில் போயிற்று. ஆபரேஷன், உள்ளே பிளேட்டு, ஸ்க்ரூ. வனக் காப்பாளர் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தவள் அவள். அடுத்தது நடைத் தேர்வு. கிலோமீட்டர் கிலோமீட்டராகக் குறித்த நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும். அது வருவதற்குள் இந்தக் கால் கால் ஆக வேண்டும்.

அங்காளம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஆயிடும்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். மறுநாள் விடியலிலேயே கறிக்கடையில் நின்றாள். ஆட்டுக்கால் வாங்கி, சுட்டு, சுரண்டி, மிளகு தட்டிப் போட்டு, குடித்தால் உதடும் உதடும் ஒட்டுகிற பதத்துக்குச் சூப்பு வைத்தாள். தினமும் வைத்தாள்.

கார்த்திகை பிறந்தது. மாமனார் துரைராஜ் மாலை போட்டார்.

வருடா வருடம் போடுகிற மாலைதான். ஆனால் இது பதினெட்டாவது வருடம். பதினெட்டு மலை போனவர் சன்னிதானத்தில் தென்னங்கன்று வைப்பார். முடிச்சூரில் பாதிப் பேருக்கு இருமுடி கட்டுகிற குருசாமி அவர். ஊரே அந்தக் கன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாம் நின்றன. சூப்பும் நின்றது.

கால் தேறுவது நிற்கக்கூடாதே. ஓசூரில் வேலையில் இருக்கும் மகன், வினிதாவின் கணவன் முகிலனுக்கு அங்காளம்மாள் போன் போட்டாள். "சூப்புல கீற அதே சத்து பொடியா விக்கிதாமே, கொலாஜனோ இன்னாவோ. அத்த வாங்கி அனுப்பு."

பொடி வந்தது. சூப்பில் இருக்கிற சத்து சைவத்துக்குள் எப்படி வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வலியில் கிடப்பவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, வீட்டுக்கும் வருகிற சாமிகளுக்கும் சேர்த்து உலை வைப்பவளுக்கு நேரமில்லை. தவிர, அங்காளம்மாளின் அகராதியில் பொடி என்றாலே சைவம். மிளகாய்ப் பொடி, சீயக்காய்ப் பொடி, இட்லிப் பொடி. இதுவும் ஒரு பொடி.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. கடையிலிருந்து எது வந்தாலும் அதன் சட்டையைக் கழற்றி எவர்சில்வருக்கு மாற்றினால்தான் அது அவளுக்கு வீட்டுப் பொருள். அந்தப் பிளாஸ்டிக் ஜாடியும் வந்த அன்றே காயலான் கடைக்குப் போய்விட்டது. பொடி டப்பாவில் ஏறி, சர்க்கரைக்கும் ரவைக்கும் நடுவில் உட்கார்ந்தது.

இன்றைய கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

*

சேலையூரில் பிசியோதெரபி பார்க்கும் தபீதாள், வினிதாவின் கணுக்காலை முன்னும் பின்னும் வளைத்தாள். தழும்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். எழுந்து நிற்கச் சொன்னாள். சுவரோரம் ஒரு தடவை நடக்கவிட்டாள். பிறகு கைத்தடியை வாங்கித் தன் மேஜைக்கு அடியில் போட்டாள்.

"இப்ப நட."

வினிதா நடந்தாள். முதல் அடியில் உடம்பு முழுக்க வேர்த்தது. நாலாவது அடியில் பயம் குறைந்தது. அறையின் கடைசிக்குப் போய்த் திரும்பும்போது, ஓரமாக நின்ற அங்காளம்மாள் தன்னை அறியாமல் தன் காலையும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"எலும்பு நல்லா கூடிட்டு வருதுன்னு சர்ஜன் சொல்லிட்டாரு. தசையும் வந்துட்டு இருக்கு. வீட்டுக்குள்ள தடி வேணாம்" என்றாள் தபீதாள். "தெருவுல கொஞ்ச நாளைக்குக் கையில இருக்கட்டும். வலி இல்லாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தை ஏத்தலாம்."

"பங்குனியில டெஸ்ட் வந்தா நடந்துடுவேனா மேடம்?"

"நீ நடக்கிற லட்சணத்தைப் பார்த்தா காட்டுல இருக்கிற யானைக்குத்தான் கவலை." தபீதாள் கை கழுவிக்கொண்டே சிரித்தாள். "என்ன சாப்பாடு குடுக்கறீங்கம்மா? புண்ணு நல்லா ஆறியிருக்கு."

இப்படி ஒரு கேள்விக்காகவே அங்காளம்மாள் காத்திருந்த மாதிரி இருந்தது.

"மொத ஆட்டுக்கால் சூப்பு. அப்பால வூட்டுல மாலை போட்டுட்டாங்க. நிறுத்திட்டேன். பருப்பு, பாலு, சுண்டல், அப்புறம் அந்தக் கொலாஜன் பொடி. தெனம் ரெண்டு வேளை. ஒரு வேளைகூட விடல."

"நல்லது. மந்திரம் எல்லாம் இல்லைம்மா, அதுவும் ஒரு புரதம்தான். கொஞ்சம் உதவலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. முக்காவாசி வேலையை இவ செய்யற பயிற்சிதான் செய்யுது. கூட நெல்லிக்காய், எலுமிச்சை ஏதாவது சேத்துக்கட்டும்." துண்டில் கையைத் துடைத்தவள் நிமிர்ந்தாள். "ஆனா மாலை போட்ட வீடுன்னு சொல்றீங்க. அதுக்கு இது பரவாயில்லையா?"

"பொடிதானேம்மா?"

"பொடிதான். எதுலேர்ந்து எடுத்த பொடின்னு பார்க்கணும்ல. கொலாஜன் செடி கொடியில கிடையாது. மாட்டுத் தோலு, எலும்பு, இல்லன்னா மீன் தோலு, செதிலு, இதுலேர்ந்துதான் எடுப்பாங்க."

அங்காளம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மாடா?"

வினிதா அதற்குள் முகிலனுக்குப் போன் செய்துவிட்டாள். அவன் ஆர்டர் போட்டதைத் தேடிப் பார்த்துச் சொன்னான். "மீன்தான் போட்டிருக்கு. ஏன், என்ன இப்போ?"

"மீனாம் அத்தை."

"மீனுதானா" என்று அங்காளம்மாள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அவள் முகம் மறுபடி விழுந்துவிட்டது. மீன் மட்டும் மாலை போட்ட வீட்டுக்கு ஆகுமா?

தபீதாளுக்குச் சங்கடமாகப் போயிற்று. "தெரியாமதானேம்மா. இவ ஒருத்திதானே சாப்பிட்டா, இவ மாலை போடலையே" என்றாள்.

அங்காளம்மாள் எழுந்தாள். தடியை எடுத்து வினிதாவிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

*

தாம்பரம் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. கீழே ஒரு மின்சார ரயில் கூவிக்கொண்டு போயிற்று. அங்காளம்மாள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"தபீதாள் மேடம் சொன்ன மாதிரி நான் மட்டும்தானே அத்தை சாப்பிட்டேன்" என்று வினிதா மெதுவாக ஆரம்பித்தாள். "வீட்டைக் கழுவிடலாம். டப்பாவைத் தூக்கிப் போட்டுடலாம். பூஜை சாயந்திரம்தானே."

"நீ மட்டும் சாப்புடல."

வினிதா திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கும் குடுத்துகினு கீறேன். ராத்திரி பால்ல." ஆட்டோக்காரனுக்குக் கேட்காமல் இருக்க அங்காளம்மாளின் குரல் அடிவயிற்றுக்குப் போயிருந்தது. "மாடிப்படி ஏறச்சொல்லோ முட்டி கடகடங்குது. அந்த மனுசன் நீலிமலை எப்படி ஏறுவாரு? உனுக்கு நல்லா கேக்குதே, அவருக்கும் கேக்கட்டும்னு ஒரு ஸ்பூன் போட்டேன். இன்னா கலந்தேன்னு அவரு கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. பாலு நல்லா கீது சாமின்னாரு."

மாலை போட்டதிலிருந்து அவர் மனைவியையும் சாமி என்றுதான் கூப்பிடுகிறார். மற்ற நாட்களில் 'இந்தா' என்பதோடு சரி.

வினிதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினெட்டு வருடம். தன் கால் ஒடியாமல் இருந்தால் சூப்பு இல்லை, சூப்பு நிற்காமல் இருந்தால் பொடி இல்லை. ஒரு பள்ளத்தில் தான் வைத்த கால் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று நினைத்தபோது, சற்று முன் தடி இல்லாமல் நடந்த சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை.

முகிலன் மறுபடி கூப்பிட்டான். வினிதா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். "ஞாயித்துக்கிழமை இருமுடி. இந்நேரத்துல சொன்னா மனுசன் மாலையைக் கழட்டிடுவாரு. போயிட்டு வரட்டும். அம்மாகிட்ட சொல்லு."

வினிதா சொன்னாள். தன் பங்குக்கும் சேர்த்துச் சொன்னாள். "அவர் சொல்றது சரிதான் அத்தை. நமக்கு மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். மலையிலேருந்து வந்தப்புறம் நிதானமா சொல்லிக்கலாம். பாவம் நம்ம மேல இருக்கட்டும்."

ஆட்டோ பாலத்தை விட்டு இறங்கியது.

"அதுவரைக்கும் நான் அவரு மூஞ்சிய பார்த்து சோறு போடணும்ல" என்றாள் அங்காளம்மாள்.

  

*

வீட்டு வாசலில் பந்தல்காரன் கீற்று இறக்கிக்கொண்டிருந்தான். சாயந்திரம் வீட்டில் ஐயப்பன் பூஜை. முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் என்று சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாரும் வந்து சரணம் சொல்லிச் சாப்பிட்டுப் போவார்கள்.

அங்காளம்மாள் இடுப்பில் புடவையைச் செருகினாள். அடுத்த ஒரு மணி நேரம் அவளைப் பார்க்கக் கண் போதாது. அடுக்களை அலமாரியைத் திறந்தாள். அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து மாடிப்படிக்கு அடியில், வீட்டுக்கு வெளியே வைத்தாள். பந்தல்காரனிடம் சமையல் பாத்திரம் மொத்தமும் வாடகைக்கு இறக்கச் சொன்னாள். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே செங்கல் வைத்து அடுப்புக் கூட்டச் சொன்னாள். ஊறவைத்திருந்த பருப்பு முதல் அரைத்து வைத்திருந்த மசாலா வரை மாட்டுக்கும் மண்ணுக்கும் போயிற்று. புது அரிசி, புதுப் பருப்பு, புது எண்ணெய் கடையிலிருந்து வந்தது. சமையல் செய்ய வந்த பெண்கள் ஏன் என்று கேட்டார்கள். "உள்ள எடம் பத்தாது" என்று முடித்துவிட்டாள். வருகிற சாமிகள் ஒருவர் வாயிலும் இந்த அடுக்களைப் பருக்கை படக்கூடாது. அதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள்.

வினிதா வெங்காயமில்லாத பொரியலுக்கு உட்கார்ந்த இடத்தில் பீன்ஸ் நறுக்கினாள். இந்த அம்மாளுக்கு எங்கிருந்து இந்தத் தெம்பு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வினிதாவாக இருந்தால் இந்நேரம் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அங்காளம்மாள் அழுவதைக்கூடப் பூஜை முடிந்த பிறகு என்று தள்ளி வைத்துவிட்டாள் போலிருந்தது.

வெயில் இறங்கும் நேரத்துக்குத் துரைராஜ் வந்தார். கறுப்பு வேட்டி, வெள்ளைத் தாடி, கழுத்தில் துளசி மாலை. ஆற்றோரம் அப்பாவோடு நாற்று நட்ட கை. இப்போது அந்த நிலத்தில் கடைகள் நிற்கின்றன. அவர் நடை மட்டும் இன்னும் வரப்பில் நடக்கிற நடை, ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால்.

தொட்டிக்குப் போய்த் தண்ணீர் மொண்டார். அங்காளம்மாள் அடுப்பிலிருந்து எழுந்தாள். கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள். வினிதா பீன்ஸை வைத்துவிட்டாள்.

"சாமி, ஒரு வார்த்தை."

"சொல்லு சாமி."

"ராத்திரி பால்ல ஒரு பொடி கலந்து குடுத்துகினு இருந்தேன். வினிதா காலுக்கு வந்த பொடி. உங்க முட்டிக்கோசரம் கலந்தேன். அது மீன்ல செஞ்சதாம். இன்னிக்குத்தான் கால் பாக்குற அம்மா சொன்னாங்க."

சொம்பு பாதி வழியில் நின்றது.

"எத்தினி நாளா?"

"மாலை போட்டு ஒரு வாரம் இருக்கும், அப்பத்துலேருந்து. எனுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் உங்களாண்ட சொல்லிட்டேன்."

சுற்றி வளைக்கவில்லை, அழவில்லை, முகிலன்தான் வாங்கி அனுப்பினான் என்றுகூடச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வினிதாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வந்தாள். "சாமி, எல்லாம் என் காலாலதான். அத்தை மேல தப்பு இல்ல" என்றாள்.

துரைராஜ் கையை லேசாக உயர்த்தினார். போதும் என்று அர்த்தம். சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். இன்னொரு சொம்பு. பிறகு இன்னொன்று. மார்கழிக் குளிரில் தொட்டியின் அடி தெரிகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தார். அங்காளம்மாள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசிச் சொம்பு முடிந்ததும் அவர் ஈர வேட்டியோடு அவளைத் தாண்டி உள்ளே போனார்.

*

பூஜை குறையில்லாமல் நடந்தது. வழக்கமாகத் துரைராஜ் குரல் எடுத்தால் தெருமுனை வரை கேட்கும். இன்றும் கேட்டது. சரணத்துக்குச் சரணம் கூட்டம் எதிர்க்குரல் கொடுத்தது. ஹால் சுவரில் சாய்ந்து நின்ற வினிதாவுக்கு, அவர் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டார் என்றே தோன்றியது. முகிலன் பயந்தது வீண். இவர் மலைக்குப் போவார். கன்று வைப்பார். நிம்மதியாக இருந்தது, சொல்ல முடியாத ஒரு ஏமாற்றமும் கூடவே இருந்தது.

கற்பூரம் எல்லாரிடமும் போய் வந்தது. துரைராஜ் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சாமிங்களே, ஒரு விசயம். ஞாயித்துக்கெயம உங்களுக்கு இருமுடி கட்டப்போறது நான் இல்ல. பாலு சாமி கட்டுவாரு. என் விரதம் நடுவுல கலைஞ்சிபோச்சி."

ஒரு நிமிடம் யாருக்கும் விளங்கவில்லை. பஞ்சர் கடை குப்பன் சாமிதான் முதலில் வாய் திறந்தார்.

"இன்னா சொல்ற குருசாமி? எப்டி?"

"ஆகாத வஸ்து ஒண்ணு வயித்துக்குள்ள போயிடிச்சி. தெரியாமதான் போச்சி. உங்களுக்கு இன்னிக்கிப் போட்ற சாப்பாடு சுத்தம். வேற அடுப்பு, வேற பாத்திரம், நான் பார்த்துட்டேன். தைரியமா சாப்புடுங்க."

"யாரு குடுத்தது?"

"எனுக்கு முட்டி வலி. என்மேல அக்கற கீறவங்க குடுத்தாங்க. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பாலு சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. துரைராஜ் கையைப் பிடித்து மலையேறக் கற்றவர் அவர். "தெரியாம செஞ்சதுக்கு மன்னிப்பு உண்டுன்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதானே குருசாமி" என்றார்.

"மன்னிப்பு உண்டு சாமி. அது அவன் குடுக்கறது. அவன் மன்னிச்சிட்டான்னு நானே சொல்லிகினு பதினெட்டுன்னு கணக்கு காட்டக்கூடாது. அது நியாயம் இல்ல. நான் மலைக்கு வரேன். உங்க எல்லாருக்கும் பின்னால, கடேசி ஆளா வரேன். பதினெட்டு வர்ற வருசம் எண்ணிக்கலாம்."

குப்பன் சாமி மேலும் ஏதோ சொல்ல வந்தார். துரைராஜ், "எல போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஊரே காத்திருந்த பெருமை ஒன்றை, இருமுடிக்கு நாலு நாள் இருக்கும்போது, இந்த மனிதர் தானாகக் கீழே இறக்கி வைத்துவிட்டார். மனைவியின் பெயரைக் கடைசி வரை எடுக்கவில்லை.  கொஞ்ச நேரம் முன்னால் தன் மனசில் வந்த நிம்மதியை நினைத்து வினிதாவுக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குத்தான் தான் வாழ வந்திருக்கிறோம் என்ற எண்ணம் முதல் முறையாகப் பெருமையாக மேலே எழுந்தது.

*

பந்தி முடிந்து சாமிகள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, துரைராஜ் பாயையும் ஒரு துணிப் பையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். வினிதா தூணோரம் நின்றிருந்தாள்.

"காலு இன்னா சொன்னாங்க?"

காலையிலிருந்து வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவளே மறந்திருந்தாள்.

"தடி வேணாம்னு சொல்லிட்டாங்க சாமி. வீட்டுக்குள்ள நடக்கலாமாம். கொஞ்சம் கொஞ்சமா தூரம் ஏத்தலாமாம்."

"எங்க, நட பாப்பம்."

ஹாலில் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வினிதா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள். வாசற்படி வரைக்கும் போனாள், திரும்பினாள், அவர் முன்னால் வந்து நின்றாள். கடைசி அடியில் கொஞ்சம் தள்ளாடியது. யாரோ ஒரு சாமி சரணம் சொன்னார். பத்துக் குரல் அதை வாங்கிக்கொண்டது. துரைராஜ் முகத்தில் அன்று முழுவதும் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"அந்தப் பொடி எங்க?"

"தூக்கிப் போட்ரலாம்னு வெளில வச்சிருக்கேன்" என்றாள் அங்காளம்மாள், பின்கட்டு வாசலிலிருந்து.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வினிதாவிடமே பேசினார்.

"போடாத. காட்டுல நடக்கப்போற பொண்ணு. உனுக்குக் காலுதான் சோறு. அது எவ்ளோ கேக்குதோ இல்லியோ, உனுக்கு நல்லது நடக்கச்சொல்லோ நடுவுல எத்தியும் நிறுத்தவேணாம். டப்பாவ எடுத்து உள்ள வையி, எப்பவும் போலச் சாப்புடு."

"விரதம் இருக்கிற வீட்டுல எப்படி சாமி?"

"அதான் நான் போறேன். கோயில் மண்டபத்துல சாமிங்க கீறாங்க. மலைக்குக் கெளம்பற வரைக்கும் அங்கியே இருந்துக்கறேன். பொடி வெளில போவத் தேவையில்ல."

 வினிதா குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். கணுக்கால் மடங்கவில்லை, பாதியில் நின்றாள். "அதெல்லாம் வேணாம், கால் நேரானப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் பையைத் தோளில் மாட்டினார். குப்பன் சாமி குடையை விரித்தார். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கறுப்பு வேட்டிகள் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கின. பந்தல்காரனிடமும் சமையல் பெண்களிடமும் சொல்லிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் அவர் போனார்.

பந்தல் விளக்கின் கீழே அங்காளம்மாள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். வினிதா மெதுவாக நடந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். இந்த வீட்டில் இரண்டு பேர் இன்று செய்ததைத் தன்னால் ஆயுசுக்கும் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. அதை எப்படியாவது இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"மாமா மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்ல அத்தை. உங்களை மாதிரியும்தான்" என்றாள்.

அங்காளம்மாள் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாள் முழுக்கத் தள்ளிப்போட்ட அழுகை இப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"ஊரு முன்னால என்னைய காட்டிக்குடுக்கல. உன்னாண்ட பேசினாரு, உன் காலப் பார்த்தாரு. எல்லார்கிட்டயும் சொல்லிகினு போனாரு" என்றாள். "என்னாண்ட மட்டும் போயிட்டு வரேன் சாமின்னு சொல்லல, பார்த்தியா?"

வினிதா பார்த்திருந்தாள். கேட்டைப் பிடித்திருந்த அத்தையின் கைமேல் தன் கையை வைத்தாள்.